இருபதாவது முறை சைவமான ஓநாய்

ஒரு காட்டில், அதாவது ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தின் கிழக்குக் கரையை ஒட்டிய ஒரு காட்டில், ஆடுகள் ராஜ்ஜியம் நடத்திவந்தன. ஆடுகளுக்கு எதற்கு ராஜ்ஜியம் என்று கேட்காதீர்கள். டென்மார்க் ஓநாய்களும் அதைத்தான் கேட்டபடி வருடாவருடம் படகேறி வந்தன.

சண்டை போட்டு அலுத்த கிடா ராஜா ஆஸ்ரிக் ஒரு திட்டம் கொண்டுவந்தார். கறியைத் துறப்பதாகச் சத்தியம் செய்து ஆற்றில் மூன்று முழுக்குப் போடும் ஓநாய்க்கு வெள்ளைக் கம்பளிச் சட்டை இலவசம். கூடவே முத்திரை போட்ட சான்றிதழும் உண்டு. அதற்கு ஒரு விண்ணப்பப் படிவம். பெயர், தகப்பன் பெயர், இதுவரை தின்ற ஆடுகள் தோராயமாக எத்தனை, சட்டை அளவு.

படிவம் வாங்கும் வேலை எடித் என்ற செம்மறிக்கு. அவளுடைய இரண்டு அக்காமாரும் அந்தத் தோராயக் கணக்கில் போய்ச் சேர்ந்தவர்கள். மிச்சம் இருப்பது மகள் லியோவா ஒருத்திதான்.

அன்று தோர்கில் என்ற ஓநாய் இருபதாவது தடவையாக வரிசையில் வந்து நின்றான்.

"சைஸ்?" என்றாள் எடித்.

"டபுள் எக்ஸ்எல்."

"முதல் தடவை வந்தப்போ ஸ்மால்னு எழுதியிருக்கு."

"சைவத்துக்கு மாறினதுல இருந்து உடம்பு போட்டுடுச்சும்மா" என்ற தோர்கில், லியோவாவை ஒரு பார்வை பார்த்தான். "பாப்பா அடுத்த வருஷம் நல்லா வளர்ந்திடும் இல்ல?"

எடித் படிவத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். நேரே ராஜாவிடம் ஓடினாள்.

"மகாராஜா, அவன் ஒவ்வொரு தடவை கறியை விடும்போதும் ஒரு சுற்றுப் பெருத்து வருகிறான்."

"திட்டத்தால் பயனாளிகள் செழிக்கிறார்கள் என்று எழுதி வை" என்றார் ராஜா.

டபுள் எக்ஸ்எல்லுக்கு ஓர் ஆட்டின் கம்பளி போதவில்லை. எடித்தையும் லியோவாவையும் சேர்த்து மொட்டையடித்தார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியும். இந்த ஓநாய் அழக்கூட இல்லை, புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கை நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து டென்மார்க்கிலிருந்து இன்னொரு படகு வந்து இறங்கியது. மூன்று வாரக் கடல் குளிரில் மூக்கடைத்துப்போய், வாசனை தெரியாமல் வந்த புது ஓநாய்க் கூட்டம். தலைவன் பெயர் ஸ்கார்டி. கரையில் வெள்ளை வெளேரென்று கொழுகொழுவென்று நின்றதன்மேல் அவன் பாய்ந்தான்.

"டேய், நான் தோர்கில்டா. உன் பெரியப்பா மகன்."

"எல்லா ஆடும் உயிர் போறப்போ சொந்தம் கொண்டாடும்."

"ஆதாரம் இருக்குடா" என்று தோர்கில் சான்றிதழை நீட்டினான். ஸ்கார்டி எழுத்துக்கூட்டிப் படித்தான். 'இவர் இருபது முறை கறியைத் துறந்தவர்.'

"எங்க வம்சத்துல கறியை விட்டவன் ஒருத்தனும் கிடையாது" என்றான். அதற்குப்பின் தோர்கில் பேசவில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு ஸ்கார்டி திரும்பினான். ரோஜா நிறத்தில் இரண்டு ஜீவன்கள் ஒட்டிக்கொண்டு நடுங்கின.

"நீங்க என்ன ஜாதி மிருகம்? ஆடா?"

லியோவாவைக் காலுக்கடியில் இழுத்துக்கொண்டாள் எடித். "எங்களைப் பார்த்தா ஆடு மாதிரியா இருக்கு? கம்பளி எங்கேய்யா?"

ஸ்கார்டி யோசித்தான். நியாயம்தான் என்று பட்டது. ஒரு தும்மல் போட்டான். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டான்.

"குளிர் தாங்கலை. அந்த ஆடு போட்டிருந்த மாதிரி சட்டை எங்கே கிடைக்கும்?"

எடித் முதல்முறையாக ராஜாவின் திட்டத்தை மனதாரப் பாராட்டினாள். மேசைக்குப் போய் உட்கார்ந்து, ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள்.

"வரிசையில வாங்க. சைஸ் சொல்லுங்க."

நீதி: ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாயைத் தோலுரிக்க மெனக்கெடாதே. அது சைவம்தான் என்று ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பு, மிச்சத்தை அடுத்த ஓநாய் பார்த்துக்கொள்ளும்.