நூகு மரைக்காயரும் கெண்டித் தண்ணீரும்

நூகு மரைக்காயருக்குச் சர்க்கரை வியாதி என்று முதலில் கண்டுபிடித்தது எறும்பு. கொல்லையில் அவர் ஒதுங்கும் மூலையில் அது சாரை சாரையாக வந்து மொய்ப்பதை மனைவி ரோஷன் பேகம் பார்த்தாள். அவர் கால் கட்டைவிரலில் மூன்று மாதமாக ஆறாத புண்ணையும் பார்த்தாள். மறுநாளே டாக்டர் சிவசுப்பிரமணியன் முன்னால் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "வாயைக் கட்டினா விரல் தங்கும். இல்லேன்னா விரலை எடுக்கணும்." நீல மருந்து ஒரு புட்டி, சிறுநீர் பிடிக்க ஒரு காலிப் புட்டி, கண்ணாடிக் குழாய், ஸ்பிரிட் விளக்கு, எல்லாம் கொடுத்தார். தினம் காலையில் நீல மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் ஓடிவர வேண்டும். அப்புறம் தினம் ஊசிதான்.

ஊசி என்றதும் மரைக்காயருக்கு வியர்த்தது. அதைவிட, சேக் பரீது கடையில் நெய் சொட்டச் சொட்ட விற்கும் தம்ரூட் இனிப்பை இனித் தொடக்கூடாது என்றதும் கண்ணே கலங்கிவிட்டது.

ஆனால் அவர் லேசுப்பட்டவர் இல்லை. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்த காலம் அது. சிங்கப்பூர் வாசனைச் செண்டுப் புட்டிகளைக் குடைக்குள் ஒளித்துக்கொண்டு, எல்லையில் சுங்கக்காரரிடமே மணி கேட்டுவிட்டு நாகூருக்கு நடந்தவர். அப்பேர்ப்பட்டவருக்கு எட்டுச் சொட்டு எம்மாத்திரம்?

கொல்லைக்குப் போகும்போது கழுவிக்கொள்ள ரோஷன் பேகம் கெண்டியில் தண்ணீர் நிரப்பி வைப்பாள். மரைக்காயர் அந்தத் தண்ணீரையே காலிப் புட்டியில் ஊற்றினார். நிறத்துக்கு இரண்டு சொட்டுத் தேயிலைச் சாயம். குழாய் நீலமாகவே நின்றது. அன்று சாயங்காலம் கால் சேர் தம்ரூட் உள்ளே போனது.

பத்து நாளும் நீலம். பத்து நாளும் தம்ரூட்.

"அல்ஹம்துலில்லாஹ், இன்னைக்கும் நீலம்," என்றார்.

"புண்ணு மட்டும் ஏன் மச்சான் ஆறல?"

"சேதி தலையிலேருந்து கால் வரைக்கும் போய்ச் சேர வேணாமா?"

"அதுவும் சரிதான்," என்று ரோஷன் பேகம் குழாயைக் கழுவப் போய்விட்டாள்.

பதினோராம் நாள் குழாய் பச்சையானது. மஞ்சளானது. மரைக்காயர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செங்கல்லாகிவிட்டது.

"என்னா மச்சான் இது?"

மரைக்காயர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தண்ணீருக்கு எப்படிச் சர்க்கரை வந்தது? தண்ணீர் என்று சொன்னால் குட்டு உடையும். சொல்லாவிட்டால் ஊசி.

"மருந்து கெட்டுப்போயிருக்கும் புள்ள."

"அப்புடியா? என்னோடதை ஊத்திப் பாத்துருவோம்."

அவளுடையது அப்பட்டமான நீலம்.

டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். இரத்தத்தில் கெண்டித் தண்ணீர் கலக்க வழியில்லை. அது உண்மையைச் சொல்லிவிட்டது. "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா காலே போயிருக்கும்," என்றார் டாக்டர். மரைக்காயர் அன்றைக்குத்தான் நிஜமாகப் பயந்தார். அன்றோடு புட்டியில் தண்ணீர் ஊற்றுவதையும் விட்டார்.

ரோஷன் பேகம் ஊசி போடக் கற்றுக்கொண்டாள். தினமும் பிஸ்மி சொல்லிக் குத்தினாள். கேழ்வரகுக் களியும் கீரையும் போட்டாள். மூன்று மாதத்தில் புண் ஆறித் தோல் மூடியது. விரல் அதன் இடத்திலேயே இருந்தது. மரைக்காயர் அதைத் தடவிப் பார்த்துத் தேம்பி அழுதார்.

"புள்ள, நான் ஒனக்கு ஒரு துரோகம் பண்ணிட்டேன். புட்டியில ஊத்துனதெல்லாம் கெண்டித் தண்ணி. அந்தத் தண்ணி செவந்துச்சு பாரு, அது மனுசன் வேலை இல்ல. நாகூர் எசமான் தர்காவுக்கு அஞ்சு சேர் சர்க்கரை நேந்திருக்கேன். பாத்திஹா ஓதிட்டு வந்துர்றேன். என்னைக் காப்பாத்துன கறாமத்து அது."

ரோஷன் பேகம் சிரிக்கவில்லை. "நேந்ததைக் கண்டிப்பா செஞ்சிரணும். நானும் எசமான்கிட்ட அழுதுக்கிட்டுத்தான் இருந்தேன். குழாய் பத்து நாளும் நீலமா நின்னுச்சு, எறும்பு மட்டும் அந்த மூலையை விட்டுப் போகவே இல்ல."

மரைக்காயர் கையிலிருந்த குடையை மெதுவாகக் கீழே வைத்தார்.

அவள் உள்ளே போய் ஒரு குளுக்கோஸ் டப்பாவை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். "சர்க்கரையோட இதையும் கொண்டுபோய் ஓதிட்டு வாங்க மச்சான். கெண்டியில கரைச்சது போக மிச்சம் இவ்வளவுதான் இருக்கு."