முன்மாதிரித் துயில்நிலை ஊழியர்

மனித குலம் தூங்கியே வீணாக்கிய மணி நேரங்களை மீட்டெடுத்த பெருமை மலேசிய எல்லை நகரமான ஜொகூர் பாருவையே சேரும். பணிவோடு சொல்கிறேன், மீட்டது என் வேன்.

சிங்கப்பூர் பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் ஏற்றிப்போகும் சூப்பர்வைசர் நான். தூக்கத்துக்கு நான்கு நிலைகள் என்கிறது விஞ்ஞானம். முதல் இரண்டும் லேசான உறக்கம், மூன்றாவது ஆழ்ந்தது, நான்காவது கனவு. ஐந்தாவதை எங்கள் பேக்கிங் பிரிவு கிரகோரி கண்டுபிடித்தார். அது வேலை.

ஓவர்டைம் முடிந்து ஒரு மணிக்குப் படுப்பவர், நாலு மணிக்கு என் ஹார்ன் கேட்டதும் தூக்கத்திலேயே எழுந்து, சட்டை மாட்டி, பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு, குறட்டையோடு வந்து ஏறுவார். சிங்கப்பூர் எல்லைப் பாலம் தாண்டி, பாதிப் பெட்டிகளை ஒட்டி முடித்த பிறகுதான் விழிப்பார்.

"அலமாக், நான் எப்ப வந்தேன்?"

நிர்வாகம் கூடி இரண்டு மணி நேரம் ஆராய்ந்தது. 'வேலை நேரத்தில் தூங்குவது குற்றம்; தூக்க நேரத்தில் வேலை செய்வது அர்ப்பணிப்பு' என்று தீர்மானம் நிறைவேறியது. கிரகோரிக்குச் சான்றிதழும் ஒரு தலையணையும் வழங்கினோம். தலையணைக்கு வேலை இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை அவர் மனைவி டொரத்தி வேனை மறித்தார்.

"அண்ணே, ஞாயித்துக்கிழம எங்க மக ஆட்ரிக்கு சர்ச்சுல புதுநன்மை. அவரு லீவு எடுத்துருக்காரு. அன்னிக்கு மட்டும் ஹார்ன் அடிக்காதீங்க லா. கேட்டா எழுந்து வந்துருவாரு."

"லீவுல இருக்கறவரு ஏம்மா வரப்போறாரு?"

"தூங்கறவருக்கு லீவுன்னு தெரியுமாண்ணே?"

ஆழமான கேள்வி. குறித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பேக்கிங்கில் இரண்டு பேர் வரவில்லை. கிரகோரி வீட்டு வாசலில் வேனை நிறுத்தினேன். கை தவறி ஹார்னில் பட்டுவிட்டது. மூன்று தடவை.

கதவு திறந்தது. சட்டையும் குறட்டையும் ஒழுங்காக வந்தன. பாஸ்போர்ட்டை டொரத்தி ஒளித்துவிட்டார் போலும், கையில் மகளின் ஜெபப் புத்தகம் இருந்தது. ஆட்ரி பின்னாலேயே ஓடிவந்து அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இன்னிக்கு சர்ச்சுப்பா!"

அவர் ஒரு காலை வேனுக்குள் வைத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. என்ன அர்ப்பணிப்பு!

"பாஸ்போர்ட்டக் குடுங்கம்மா, நேரமாச்சு," என்றேன். "அவரேதான வந்து ஏறுறாரு? நானா இழுத்தேன்?"

டொரத்தி கணவரை இறக்கி, வேன் கதவை அடித்துச் சாத்தினார்.

"அவரு தூக்கத்துல வந்தாரு, சரி. நீங்க முழிச்சிக்கிட்டுதானே வந்தீங்க?"