அறுநூத்தெட்டின் ஆடுகள்

எங்கள் ஊர் கோவில்பதாகையில் பேயை நம்பாதவர்கள் நிறையப் பேர் உண்டு. அறுநூத்தெட்டின் வீட்டுக்குள் ஒருமுறை போய்விட்டு வந்த பிறகும் நம்பாமல் இருந்தவர் ஒருவர்கூட இல்லை. அந்த வீட்டு மாடியில் மூன்று வருடம் குடியிருந்தவள் என்ற முறையில் இதைப் பொறுப்போடு சொல்கிறேன்.

அறுநூத்தெட்டு என்பது கதவிலக்கம் அல்ல, ஆள். குழந்தைகள் விரலில் வைத்துச் சுற்றும் பொம்மையின் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தில் ஒரு பேரிங் இருக்குமே, அதன் எண் 608. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் அதை இணையத்தில் நூறு நூறாக வாங்குவார். கம்பெனிப் பெயர் இல்லாத, இருப்பதிலேயே மலிவான பை. ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயரை அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவே மறந்துவிட்டிருந்தார்.

மலிவுப் பையில் எது எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் முதலில் பழைய டிபன் டப்பாவில் பெட்ரோல் ஊற்றி எல்லாவற்றையும் கழுவி, உள்ளே இருக்கும் கிரீஸை எடுத்துவிடுவார். தினத்தாளில் உலர்த்துவார். பிறகு ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துச் சுண்டுவார். நானும் எஸ்டேட்டில்தான் வேறொரு கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்தேன். எனவே அந்த வேலையை வீட்டில் சம்பளமில்லாமல் செய்தேன். என் நோட்டில் மூன்று தலைப்புகள்: ஓடும், நிற்கும், முனகும்.

"இது இன்னா சொல்லுது, கேளு."

"முனகுதுண்ணே. கழிச்சிடலாம்."

"முனகலம்மா, பேசுது. ஒட்டகத்துக்கு வெச்சிக்கலாம்."

ஒட்டகம் பின்னால் வருகிறது. முதலில் வீடு.

கிரீஸ் கழுவிய பேரிங்குக்கு ஒரு மூச்சுக்காற்று போதும். அந்த வீட்டில் கதவு, அலமாரி, நாற்காலி, காலண்டர் அட்டை எல்லாமே அதன் மேல்தான் நின்றன. நாம் கூடத்தைக் கடந்தால் அலமாரி தானாகத் திறந்து உள்ளே இருப்பதைக் காட்டும். நாம் தாண்டியதும் மூடிக்கொள்ளும். சத்தம் மட்டும் வரவே வராது. சத்தம் வந்திருந்தால் பழகியிருப்போம். சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு முன் அந்தக் கூடத்தில் தனியாக நிற்க எனக்கு ஒரு வருடம் ஆனது. கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர் கேட்டுக்கு வெளியிலேயே உருட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஸ்டெல்லா அக்கா மட்டும் பயப்படவில்லை. "இந்த ஊட்ல வெச்ச எடத்துல கீறது நான் ஒருத்திதான்" என்பார் கணவரிடம். "என் கய்த்துலயும் ஒண்ணு மாட்டுய்யா. நீ போற பக்கமெல்லாம் திரும்பிக்கினு இருக்கேன்."

அவர் அந்த யோசனையைக் கொஞ்ச நேரம் உண்மையாகவே பரிசீலித்தார்.

கழுத்து அவருக்குப் பிடித்த இடம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எங்கள் பங்குக் கோயிலின் கிறிஸ்துமஸ் குடில் அவர் கையில்தான் இருந்தது. பதினாறு ஆடு, ஒரு மாடு, ஒரு ஒட்டகம், மூன்று ராஜாக்கள், சூசையப்பர். எல்லாம் காகிதக் கூழில் அவரே செய்தவை. நான் குடிவந்த வருடம் எல்லோர் கழுத்திலும் ஒரு பேரிங் வைத்தார். தலைக்குப் பின்னால் காற்றாடி வால் போல ஓர் அட்டை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முகம் திரும்பும்.

கோயிலுக்குள் காற்று வாசல் வழியாகத்தான் வரும். பூசை தொடங்கிய பிறகு யாராவது கதவைத் திறந்தால் இருபத்திரண்டு தலைகளும் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்க்கும். அவர் இடம் தேடி உட்கார்ந்து கதவு சாத்தப்படும் வரை பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த டிசம்பரில் எங்கள் பங்கில் யாரும் தாமதமாக வரவில்லை. மௌன ஜெபத்தின்போது ஒட்டகம் ஒருமுறை நீளமாக முனகியது. முன்வரிசையில் முழந்தாளிட்டிருந்த ஒருவர் ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுவருடம் பங்குப் பேரவைச் செயலாளர் ரெஜினா டீச்சர் வீட்டுக்கே வந்தார். சுழலும் மேஜை என்று தெரியாமல் காபியை அதன்மேல் வைத்தார். அது நிதானமாகச் சுற்றி என் முன்னால் வந்து நின்றது.

"இந்த வருஷம் குடில் உள்ள கிடையாது. வெளிய, முகப்புல வைங்க" என்றார் டீச்சர். "ஒண்ணும் அசையக் கூடாது. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு நானே வந்து ஒரு மணி நேரம் உக்காந்து பாப்பேன். ஒரு ஆடு அசைஞ்சாலும் குடில் இனிமே இளைஞர் அணிக்கு. அவங்க சீரியல் லைட்டோட ரெடிமேடா பாத்து வெச்சிருக்காங்க."

அறுநூத்தெட்டு மேஜையைச் சுண்டிக் காபியை டீச்சர் பக்கம் திருப்பினார். பிறகு, "டீச்சர், மாட்டுக் கொட்டாய்ல ஒரு கொயந்த பொறந்தா, மாடு திரும்பிப் பாக்காதா?" என்றார்.

"பாக்கட்டும். என்னைப் பாக்கக் கூடாது."

டீச்சர் போன பிறகு அவர் சாப்பிடவில்லை. வேறு பொழுதுபோக்கு இல்லாத மனிதர். வருடத்தில் பதினோரு மாதம் அந்த ஒரு மாதத்துக்காகவே பேரிங் கழுவுகிறவர்.

"பசைய ஊத்தி ஒட்டிடு. வேல முட்ஞ்சிது" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"ஓட்ற சாமான ஒட்டச் சொல்றியே, நீயெல்லாம் மனுஷியா?"

கடைசியில் அட்டை வால்களைப் பிடுங்கிவிட்டு, தார் மாதிரி கெட்டியான கிரீஸை ஒவ்வொரு பேரிங்கிலும் அழுத்தி அடைத்தார். நான் எச்சரித்தேன். "நிக்காதுண்ணே. மெதுவா போகும், அவ்ளோதான்."

"மெதுவான்னா எவ்ளோ?"

ஓர் ஆட்டைச் சமையலறை மேடையில் வைத்துக் காலை முழுதும் சோதித்தோம். மூக்குக்கு நேராகச் சுவரில் பென்சில் கோடு. மதியம் வரை மூக்கு கோட்டிலேயே இருந்தது. நோட்டில் "தேறியது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நான் எழுதாமல் விட்டவை இரண்டு. மேடை சமதளம், முகப்பு அப்படியில்லை. மழைநீர் வடிய ஒரு பக்கம் சரிந்திருக்கும். சமையலறை குளிர்ச்சி, முகப்புக்குத் தகரக் கூரை. போதாததற்கு, குடில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று டீச்சர் இரண்டு பெரிய விளக்குகளைப் போடச் சொல்லியிருந்தார். சூட்டில் கிரீஸ் இளகும். மூக்குப் பக்கம் கனமான தலை சரிவில் தாழ்ந்த பக்கம் போகும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்த்தார். பக்கத்தில் ஃபாதர். தூணோரம் அறுநூத்தெட்டு. அவர் குடிலைப் பார்க்கவில்லை, டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாத் தலைகளும் குழந்தை யேசுவின் பக்கம் இருந்தன. பழக்கதோஷத்தில் நான் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

எதுவும் அசையவில்லை. இருபது நிமிடம் கழித்துப் படத்தோடு ஒப்பிட்டேன். படத்தில் முதல் ஆட்டின் மூக்கு தொட்டிலுக்கு நேராக இருந்தது. நிஜத்தில், எதிரே இருந்த அதே ஆட்டின் மூக்கு தொட்டிலைத் தாண்டியிருந்தது. நிமிர்ந்து முழு நிமிடம் அதையே பார்த்தேன். அசையவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு மறுபடி நிமிர்ந்தால், இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தது. என் கழுத்துக்குப் பின்னால் மயிர் சிலிர்த்தது. காரணம் தெரிந்த ஒரே ஆள் நான், எனக்கே அப்படி.

அப்போது ஒட்டகம் முனகியது. அடிவயிற்றிலிருந்து வருவது போல மிகத் தாழ்வாக.

"யாரது?" என்றார் டீச்சர், திரும்பாமலே.

"நான்தாம்மா" என்றார் ஃபாதர். "மத்தியானச் சாப்பாடு ஒத்துக்கல."

நான்கு மணி ஆனபோது தொட்டிலை யாரும் பார்க்கவில்லை. பதினாறு ஆடுகளும் மாடும் ஒட்டகமும் ராஜாக்களும் சூசையப்பரும் முகப்பின் தாழ்ந்த பக்கத்தைப் பார்த்தன. தாழ்ந்த பக்கத்தில்தான் டீச்சரின் நாற்காலி இருந்தது.

டீச்சர் கொஞ்சம் இடதுபுறம் சாய்ந்தார். பிறகு வலதுபுறம். குரல் மிகவும் இறங்கிவிட்டது. "ஃபாதர், இதுங்க எல்லாம் முதல்லேர்ந்தே என்னைத்தான் பாத்துகிட்டு இருந்துச்சா?"

ஃபாதர் மாலையிட்ட மாதாவின் படத்தைப் பார்த்தார்.

"நான் கண்ணக்கூட சிமிட்டல. ஒண்ணும் அசையல. அசைஞ்சா தெரிஞ்சிருக்கும்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நீ இன்ஜினியர். பரிசோதனைதான் உன் வேலையே. பாத்துகிட்டுதான இருந்த? சொல்லு, அசைஞ்சுதா?"

கைப்பேசி என் கையில் இருந்தது. அறுநூத்தெட்டு என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, மாட்டின் காதில் ஒட்டியிருந்த வைக்கோலை விரல்நுனியால் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல டீச்சர்" என்றேன். "அசையல."

குடில் அறுநூத்தெட்டுக்கே போனது. அந்த மாதம் முழுவதும், தங்களைப் பார்க்கிறதா என்று பார்க்க வேலப்பன்சாவடியிலிருந்தெல்லாம் கல்லூரிப் பெண்கள் வந்து நின்றார்கள். ரெஜினா டீச்சர் அந்தப் பக்கமே வரவில்லை, பின்வாசல் வழியாகப் பூசைக்கு வந்தார்.

அந்த ஞாயிறு வீடு திரும்பும் வழியில் அறுநூத்தெட்டு கேட்டது ஒன்றுதான். "கோயில் வாசல்ல நின்னுகினு பொய் சொல்லிட்டியேம்மா. பாவசங்கீர்த்தனம் பண்ணிடு."

செய்கிறேன் என்றேன். அதன் பிறகு எத்தனையோ முறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டேன், செய்த பாவங்களை எழுதி எடுத்துக்கொண்டு போகும் பட்டியலோடு. இதை மட்டும் அதில் சேர்க்க முடியவில்லை. சொல்வதற்கு முன்னால் மனம் வருந்த வேண்டுமாம்.