மணமேடையில் மாப்பிள்ளை தோற்றது

தேவனாம்பட்டினம்,
கடலூர்.
29.12.2009

மரியாதைக்குரிய மச்சான் காத்தவராயன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை பூவம்மாளின் கணவன் பச்சமுத்து வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இங்கே நலம், கிள்ளையில் தாங்கள் அனைவரும் நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் போட்டி நடந்த நாளிலிருந்து நீங்கள் என் போனை எடுக்காமல் இருப்பதைப் பார்த்தால், நலம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்காமலே தெரிகிறது. "மண்டபத்துல அடிச்சிக்கிட்டுக் கெடக்குற ரவுடிப் பயலுக்கு எம்பொண்ண குடுக்க மாட்டேன், தை மாசக் கல்யாணம் இல்லன்னு வச்சிக்க" என்று பூவம்மாளிடம் சொல்லிவிட்டீர்களாம். கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொந்தத் தாய்மாமனே தங்கை மகனை ரவுடி என்றால் ஊரில் மற்றவர்கள் என்ன சொல்ல மாட்டார்கள்? தயவுசெய்து இதை முழுதாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலில் ஒன்று. அது என்ன போட்டி என்று எனக்குத் தெரியவே தெரியாது. நம் விஜயகுமார் கபடி ஆடுகிற பையன், வேறு வம்புதும்புக்குப் போகாதவன். அவன் வந்து, "அப்பா, சிதம்பரத்துல ஒரு போட்டி, நம்ம மாவட்டத்துலயே மொத தபா நடத்துறாங்க, சர்டிபிகேட் குடுப்பாங்க, போலீஸ் செலக்ஷனுக்கு ஒதவும்" என்றான். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் காலமெல்லாம் எழுத்தராக இருந்த எனக்கு, சர்டிபிகேட் என்று யாராவது சொன்னால் அதற்குமேல் எதுவும் கேட்கத் தோன்றாது. நோட்டீசில் கராத்தே, ஜூடோ, குத்துச்சண்டை, மல்யுத்தம் என்று வரிசையாகப் போட்டிருந்தது. ஒவ்வொன்றாக நடத்துவார்கள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் ஒரே ஆள் மேல் ஒரே நேரத்தில் நடத்துவார்கள் என்று யார் கண்டது?

மார்கழி மாதம் முகூர்த்தம் கிடையாது என்பதால் கல்யாண மண்டபத்தையே பிடித்திருந்தார்கள். வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்தார்கள். பூவம்மாள், நம் வீட்டுக் கல்யாணத்துக்கும் இந்த மண்டபம் நன்றாயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். மணமேடையில் தலையணை கனத்துக்கு மெத்தை, மெத்தையில் மஞ்சளாக ஒரு கோடு, ஆள் கீழே விழாமலிருக்க மேடையைச் சுற்றி வலை. உற்றுப் பார்க்கிறேன், நம் வீட்டு வலை! அதைத் தைக்கக் கொடுத்திருப்பதாக விஜயகுமார் என்னிடம் சொல்லியிருந்தான்.

முதல் சண்டை கராத்தே மாஸ்டர் பக்கிரிக்கும் நெய்வேலிப் பக்கத்துக் குத்துச்சண்டைக்காரன் ஒருவனுக்கும். பக்கிரி முறை தெரிந்த மனிதர். மணி அடித்ததும் நாலு பக்கமும் திரும்பி வணங்கினார். மூன்று பக்கம் ஆனது. நாலாவது பக்கம் குனியும்போது அந்தப் பாவி விட்டான் பாருங்கள் ஒரு குத்து, மாஸ்டர் வலையில் போய் விழுந்து வஞ்சிரம் மாதிரி மாட்டிக்கொண்டார். அவரை எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இதற்கு ஜனங்கள் கை தட்டுகிறார்கள்!

அடுத்த சண்டை இதைவிடக் கொடுமை. காட்டுமன்னார்கோயில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் கொளஞ்சி, ஆள் கதவு உயரம். எதிரே அண்ணாமலை நகர் லாட்ஜில் தங்கிப் படிக்கிற தமிழ்வேந்தன் என்று ஓர் ஒல்லிப் பையன். பாவம், கண்ணாடியைக் கழற்றி, முன் வரிசையில் இருந்த பூவம்மாளிடம், "ஆன்ட்டி, கொஞ்சம் வச்சிருங்க" என்று கொடுத்துவிட்டு ஏறினான். "பெத்தவங்க பாத்தா தாங்குமா" என்று இவள் கண் கலங்கினாள். கொளஞ்சி அவனை அள்ளிப் போட்டு மேலே விழுந்தான். பையன் செத்தான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் பையன் அவன் முதுகில் ஏறிக் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருக்கிறான், கொளஞ்சி கண் செருகிக் கிடக்கிறான்! நான் எழுந்து நின்று, "கொல! கொல! போலீசக் கூப்புடுங்கய்யா!" என்று கத்திவிட்டேன். மண்டபமே என்னைப் பார்த்துச் சிரித்தது. அதற்குள் கொளஞ்சி எழுந்து உட்கார்ந்து, "சாப்பாடு போட்டாச்சா?" என்று கேட்டான்.

அப்போதே நம் பையனைக் காதைப் பிடித்து இழுத்து வந்திருக்க வேண்டும். நம்மவனோடு மோத வேண்டிய குத்துச்சண்டைக்காரன் விரல் முறிந்து விலகிவிட்டதால் கடைசிச் சண்டை விஜயகுமாருக்கும் அந்த ஒல்லிப் பையனுக்கும் என்றார்கள். போட்டியை நடத்தி, நடுவராகவும் நின்ற பழனிவேல் மாஸ்டர், கூட்டம் சேரட்டும் என்று டிக்கெட்டோடு சாப்பாடும் வைத்திருந்தார். மண்டபத்து ஆட்களுக்கு அவர்கள் வழக்கம்தான் தெரியும். சரியாக மணி அடித்த நேரத்தில் மைக்கில், "மொத பந்தி ரெடி, சாப்புடுறவங்க வரலாம்" என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான். அத்தனை ஜனமும் எழுந்து மாடிப்படிக்கு ஓடியது. மார்க் போட உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் இலை பிடிக்கப் போய்விட்டார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவில் நானும் உங்கள் தங்கையும் மட்டும்.

"டேய் விஜயகுமாரு, எறங்கி வா, வூட்டுக்குப் போவலாம்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சாமி சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது, "காலப் புடிடா! கால வுடாத!" அவனும் பிடித்தான் மச்சான். இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி அந்தப் பையனை மல்லாக்கப் போட்டான். அடுத்த நொடி, கீழே கிடந்தவன் இரண்டு காலாலும் நம்மவன் கழுத்தைக் கத்தரி போட்டுக்கொண்டான். நம் பிள்ளை என்ன செய்வான்? விவரம் தெரிந்த நாளிலிருந்து கபடியில் பிடிபட்டால் என்ன செய்வானோ அதையே செய்தான். மூச்சு விடாமல் பாடிக்கொண்டே, அவனையும் இழுத்துக்கொண்டு, கையை நீட்டி நீட்டிப் போய் மஞ்சள் கோட்டைத் தொட்டுவிட்டான்! நடுவர் பார்க்காமல் போய்விடப் போகிறாரே என்று கோட்டின்மேல் படபடவென்று தட்டியும் காட்டினான். பழனிவேல் மாஸ்டர் விசில் ஊதினார். விஜயகுமார் எழுந்து இரண்டு கையையும் தூக்கிக் குதிக்கிறான். மாஸ்டரோ அந்த ஒல்லிப் பையன் கையைத் தூக்குகிறார்!

தரையைத் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தமாம். இது என்ன நியாயம்? நான் வலையை விலக்கிக்கொண்டு மேடையிலேயே ஏறிவிட்டேன். "யோவ், கோட்டத் தொட்டான்யா! பாயிண்டு எம்புள்ளைக்கு!" என்று கேட்டேன். "அய்யா, இது கபடி இல்ல, கீழ எறங்குங்க" என்றார் மாஸ்டர். அந்தப் பையன் கண்ணாடி கேட்டு வந்தபோது, "மொதல்ல எம்புள்ளகிட்ட மன்னிப்புக் கேளு, தரேன்" என்று பூவம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டாள். உங்களிடம் யாரோ வந்து, பச்சமுத்து குடும்பமே மேடையேறிச் சண்டை போட்டது என்று சொன்னது இதைத்தான். நாங்கள் யாரையும் அடிக்கவில்லை.

பையனுக்கு இடது கண் வீங்கியிருக்கிறது. ஒரு காது பணியாரம் மாதிரி இருக்கிறது. முகூர்த்தத்துக்குள் வற்றிவிடும் என்று டாக்டர் சொன்னார். அங்காளம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்து, இனி அந்த மேடையை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான். நானும் கூடவே சத்தியம் செய்தேன். சினேகா பிறந்தபோதே, "இவ எங்க வூட்டு மருமவ" என்று பூவம்மாள் தூக்கிக்கொண்டு ஆடியது உங்களுக்கே தெரியும். இந்தக் கல்யாணம் நின்றால் அவள் தாங்க மாட்டாள். நானும் தாங்க மாட்டேன் என்பதை வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன். கோபத்தை விட்டுவிட்டுத் தை மாதக் கல்யாணத்தை நடத்திக் கொடுங்கள்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும். அம்மன் தங்கள் மனதில் புகுந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
பச்சமுத்து

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சினேகா விஜயகுமாருக்குப் போன் போட்டுவிட்டாள். மாடிப்படியில் நின்று யாரோ செல்போனில் எடுத்த படத்தைப் பார்த்தாளாம். சண்டைக்குப் போனதில் அவளுக்குக் கோபமே இல்லை, தோற்றதில்தான் கோபம். "பங்குனியில பாண்டிச்சேரியில அடுத்த போட்டியாம். போய் ஜெயிச்சிட்டு வந்து தாலி கட்டு, அதுவரைக்கும் நான் கழுத்த நீட்ட மாட்டேன், எங்கப்பாவ நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். சத்தியத்தைத் திருப்பி வாங்க என்ன பரிகாரம் என்று பூசாரியிடம் கேட்டாகிவிட்டது. பையன் கடற்கரையில் ஓடிக்கொண்டிருக்கிறான். பூவம்மாள் முட்டை அவிக்கிறாள். துணைக்கு நானும் பாண்டிச்சேரி போகிறேன், பெற்ற மனசு கேட்குமா? ஆகவே மச்சான், மேலே கெஞ்சியதையெல்லாம் மறந்துவிட்டு, தை மாதக் கல்யாணத்தைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.