பெட்டியில் இடமில்லை

நாளை அம்மன் கோயில் தேர். அது பெரிய சாலையில் இறங்க வேண்டுமானால் அம்மனின் விண்ணப்பம் ஊர்வல ஒருங்கிணைப்புப் பிரிவுக்கு இமெயிலில் போய்ச் சேர வேண்டும். அனுப்பிய விண்ணப்பமோ போன சுருக்கில் திரும்பி வந்துகொண்டிருந்தது. பெறுநரின் பெட்டி நிறைந்திருக்கிறதாம்.

அனுமதி இல்லையென்றால் தேர் தோட்டத்து லயத்து வீடுகளை மட்டும் சுற்றிவிட்டுக் கொட்டகைக்குத் திரும்ப வேண்டியதுதான். கோயில் செயலாளர் குமுதா தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு, விண்ணப்பத்தைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே போனாள்.

காகிதத்தைக் கண்டதும் அதிகாரி சுகுமாறன் கையை இழுத்துக்கொண்டார்.

“கடுதாசி வாங்க மாட்டோம்லா. இது காகிதமில்லா அலுவலகம்.”

“உங்க இமெயில் பெட்டி நெறஞ்சு கெடக்கு சார்.”

“அப்படியா? புகார் குடுங்க.”

“யாருக்கு?”

“அதே இமெயிலுக்குத்தான்.”

குமுதா அவரையே பார்த்தாள். மனிதர் கேலி செய்யவில்லை.

“நீங்களே கொஞ்சம் அழிச்சிரலாமே?”

“மேலிடத்துல அனுமதி கேட்டிருக்கோம். பதில் இமெயில்ல வரும்.”

பெட்டியை அடைத்திருந்தவை, காகிதத்தை ஒழித்ததற்காகப் பிரிவுகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்ட பாராட்டுச் சுவரொட்டிப் படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மேலதிகாரி சிரித்துக்கொண்டிருந்தார். சிரிக்கிற மேலதிகாரியை அழிக்கும் துணிச்சல் அந்தக் கட்டடத்தில் எவருக்கும் இல்லை.

“இந்தப் படங்கள்ல மாற்றலாகிப் போனவங்க யாரும் இல்லையா சார்?”

சுகுமாறனின் முகம் மலர்ந்தது. பழைய மேலதிகாரி போன வாரம்தான் கோலா குபு பாருவுக்குப் போயிருந்தார். அவரை உரிய மரியாதையுடன் அழித்தார்கள். குமுதா கைப்பேசியிலிருந்து விண்ணப்பத்தை மறுபடி அனுப்பினாள். போய்ச் சேர்ந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் கோயில் தலைவர் அப்பளசாமியைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

சுகுமாறன் விண்ணப்பத்தை நிதானமாகப் படித்து, அனுமதி வழங்கி, கோயில் இமெயிலுக்கு அனுப்பினார். அது திரும்பி வந்தது.

“இப்ப உங்க பெட்டி நெறஞ்சிருக்கும்மா,” என்றார் பரம திருப்தியோடு.

அப்பளசாமிக்குத் தினமும் கோயில் இமெயிலுக்குக் காலை வணக்கம் சொல்லும் பழக்கம். அம்மன் படம், பக்கத்தில் அம்மனைவிடக் கொஞ்சம் சின்னதாக அவர் படம். இப்போது நல்ல சேதி கேட்ட வேகத்தில், கமிட்டிக்காரர்கள் அத்தனை பேர் முகத்தோடும் வெற்றிச் சுவரொட்டி ஒன்றை அனுப்பிவிட்டார். பெட்டியில் மிச்சமிருந்த இடத்தில் அது போய் உட்கார்ந்துகொண்டது.

“என் சொந்த இமெயிலுக்கு அனுப்புங்க சார்.”

“அனுமதி அம்மனுக்கு. உங்களுக்கு இல்ல.”

குமுதா தலைவரை மறுபடி கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். “தலைவரே, உங்க காலை வணக்கத்துல நாலு அழிச்சிக்கிறேன்.”

“அம்மன் படத்தயா? அதெல்லாம் கமிட்டி கூடித்தான் முடிவு பண்ணணும். எல்லாருக்கும் அறிவிப்பு அனுப்பு.”

“எதுல?”

“கோயில் இமெயில்லதான்லா.”

சுகுமாறன் போனை மரியாதையோடு பார்த்தார். “இவரு எங்க ஆபீசுல இருக்க வேண்டியவரு.” பிறகு குனிந்து கேட்டார்: “தலைவரே, போன கமிட்டித் தேர்தல்ல தோத்தவரு படம் ஏதும் கெடக்கா?”

“செல்லன் படமா? தாராளமா அழிங்க. அதுக்கு எதுக்குக் கூட்டம்?”

செல்லன் போனார். அனுமதி வந்தது. மறுநாள் தேர் பெரிய சாலையில் இறங்கியபோது, மேளச் சத்தத்தில் குமுதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை அவள் அலுவலகத்துக்கு நன்றி தெரிவித்து ஒரு சுவரொட்டி தயாரித்தாள். நடுவில் தேர், மேலே தலைவர், கீழே சுகுமாறன். இவ்வளவு பாடுபட்டவள் என்பதால், தேரைவிடக் கொஞ்சம் சின்னதாகத் தன் படத்தையும் வைத்தாள்.

அது திரும்பி வந்தது. பெறுநரின் பெட்டி, திருவிழாவுக்கு அனுமதி வழங்கியதைப் பாராட்டும் சுவரொட்டிகளால் நிறைந்திருந்தது.