மஞ்சள் தகடு

நான்காவது தடவையும் அவளுடைய தகடு பொரிந்துபோயிருந்தது. பெயின்ட் துருவைத் தாங்குமா என்று சோதிக்கும் உப்புப் புகைப் பெட்டிக்குள் பக்கத்திலேயே நின்ற மஞ்சள் தகடோ, இப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் பளபளத்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறெரிந்தது.

விமானத்தின் அலுமினியம் அரிக்காமலிருக்க அடியில் பூசும் பழைய பெயின்ட் அந்த மஞ்சள். அலுமினியத்தைக் காப்பாற்றும், அடிக்கிற ஆளைத் தின்னும். இருபது வருடம் அடித்த பெயின்டருக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டையே விழுந்துவிட்டது. அதற்குப் பரிகாரமாக அவரை ஆய்வுக்கூடத்துக்கு மாற்றி, ஒப்பிட்டுப் பார்க்கும் தகடுகளுக்கு அதே மஞ்சளை அடிக்கச் சொன்னார்கள். எவ்வளவு கருணை!

விஷமில்லாத மாற்று ஒன்றைக் கண்டுபிடிக்க, வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய அவள் இரண்டு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கலந்த முதல் பெயின்ட்டை மேலாளர் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை. காய ஒரு நாள் ஆகிறதாம். முப்பது வருடம் பறக்கப்போகிற விமானத்துக்கு ஒரு நாள் பொறுக்காதாம்! கலந்து வைத்த டிரம்மைக் கொட்டிவிடச் சொல்லி பெயின்டரிடம் கொடுத்தாயிற்று.

சீக்கிரம் காய ஒன்றைச் சேர்த்தாள். கொப்புளம் வந்தது. கொப்புளத்துக்கு ஒன்றைச் சேர்த்தாள். தோலுரிந்தது. உரியாமலிருக்க இன்னொன்றைச் சேர்த்ததில் நாற்றம் குடலைப் புரட்டியது. நாற்றத்துக்கு ஒன்றைச் சேர்த்ததுதான் இப்போது பொரிந்து நின்றது.

இதில் பெயின்டர் செய்த கூத்து வேறு. அவளுடைய பெயின்ட்டுக்கு மூக்கை இறுகக் கட்டிக்கொள்வார். மஞ்சளை மட்டும் ஒரு நாள் முன்னதாகவே, முகமூடியில்லாமல், பாட்டுப் பாடிக்கொண்டு அடித்துவைப்பார்.

"அண்ணே, பட்டது போதாதா உங்களுக்கு? முகமூடி எங்கே?" என்று கத்தினாள் ஒருநாள்.

"இதுக்கு எதுக்கும்மா?" என்று சிரித்தார். யாருக்காக இந்தப் பாடுபடுகிறோமோ அவரே இப்படி என்றால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

நான்காவது தகடும் பொரிந்த அன்று பிற்பகல் கூட்டத்தில் மேலாளர் இரண்டு தகடுகளையும் தூக்கிக் காட்டினார். அவருக்கு வாயெல்லாம் பல்.

"நாலு தடவையும் மஞ்சள்தான் ஜெயிச்சிருக்கு. உங்க ஆராய்ச்சியை இன்னியோட மூடிடலாம். எல்லா விமானத்துக்கும் இதே மஞ்சள்தான்."

"அடிக்கிறவங்க மூக்கும் நுரையீரலும் என்ன சார் ஆகறது?" அவள் குரல் உடைந்தது.

"உணர்ச்சிவசப்படாதீங்க. தகடு பொய் சொல்லாது." அவர் கோப்பில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். தகடுகளைத் தன் கையாலேயே அடித்ததாக எழுதிக் கொடுக்கப் பெயின்டரைக் கூப்பிட்டார்கள்.

பெயின்டர் மஞ்சள் தகட்டை வாங்கி, விரலால் ஆசையாகத் தடவினார்.

"இதே மஞ்சள்னா டாக்டரம்மாவை இன்னும் பத்து டிரம் கலக்கச் சொல்லுங்க சார். அவங்க முதல்ல கலந்ததுல மிச்சம் கொஞ்சம்தான் இருக்கு; சாயப்பொடி மட்டும்தான் என்னோடது."