நான்கு சக்கரப் படகின் சரித்திரம்

நஞ்சை உண்டும் மருத்துவச் செலவு கேளாத திருவொற்றியூர்த் தியாகேசன் திருவடி காக்க. அருகிருந்து அனைத்தையும் பார்த்துச் சிரிக்கும் வடிவுடை அன்னையின் கடைக்கண் காக்க.

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் கருணாகரன், தம் மகள் மலரைச் சத்தமே இல்லாத காரில் கல்யாண மண்டபத்தில் இறக்குவதாகச் சம்பந்தியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். பெட்ரோலும் குடித்து மின்சாரமும் உண்ணும் பிளக்-இன் ஹைபிரிட் கார் வாசலில் நின்றாலொழிய ராயபுரத்தில் யாரும் யாரையும் மதியாத காலம் அது. ஆகவே, வேறொருவர் ஆறாண்டு ஆண்டு அனுபவித்த காரொன்றை ஏழு லட்சத்துக்கு வாங்கினார்.

புதுப் படகை இறக்குமுன் அதன் முகத்தில் கடல்நீர் ஊற்றி மஞ்சள் பூசுவது அவர் வீட்டு வழக்கம். காருக்கு முகம் எது? உண்ணும் இடமே முகம் என்று தெளிந்தவராய், சார்ஜ் ஏற்றும் துவாரத்தின் மூடியைத் திறந்து, ஒரு குடம் கடல்நீரைப் பக்தியுடன் ஊற்றினார். அன்றிலிருந்து அந்தக் கார், சத்தமில்லாத கார் என்ற பெயரை முழுமையாகக் காப்பாற்றியது.

மாதவரத்துப் பணிமனையில் மெக்கானிக் ஃபர்ஹான் கணினியைச் செருகிப் பார்த்தார்.

"உப்பு இறங்கி பேட்டரியே போயிடுச்சு, சார். புதுசு எட்டு லட்சம்."

"காரே ஏழுதானேப்பா! அப்போ இந்தக் காரு இன்னாத்துக்கு கீது?"

"பேட்டரியைச் சுமக்க."

"சரி, டேங்க் நெறைய பெட்ரோல் கீதே. அதுல ஓட்டு."

"பேட்டரி கையெழுத்துப் போட்டாதான், சார், கம்ப்யூட்டர் இன்ஜினை எழுப்பும்."

"அடப்பாவி, இதுவும் ஆபீஸுதானா!"

அசல் ஆபீஸே மேல் என்று கருணாகரன் காப்பீட்டு அலுவலகம் சென்றார். அங்கே அதிகாரி ஜெயஸ்ரீ பரிவுடன் விளக்கினார்.

"கடல் வண்டிகிட்ட வந்தா அது பேரிடர். நீங்களே எடுத்து ஊத்தினா அது பக்தி. பக்திக்குக் காப்பீடு கிடையாது ஐயா. கடல் வந்ததுன்னு சான்றிதழ் கொண்டு வாங்க."

கடல் வந்து போனதற்குச் சான்று வழங்கக் கரைப் பேரிடர்ப் பிரிவு என்றோர் அலுவலகம் இருந்தது. அதில் வால்டர் என்றோர் எழுத்தர். பொய்ச் சான்று என்பதைக் கனவிலும் எழுதாதவர்.

"கடல் என்னைக்கு வந்தது?"

"எங்க சார் வந்துது? நான்தான் ஒரு குடம் தூக்கியாந்தேன்."

வால்டர் கண்மூடிச் சிந்தித்தார். "குடத்துல இருந்தது கடல்தானே?"

"ஆமா."

"அது உங்க தெருவுக்கு வந்ததா, இல்லையா?"

"வந்துச்சு..."

வால்டர் எழுதினார்: 'மேற்படி தெருவினுள் கடலானது பகுதியளவில் பிரவேசித்தது மெய்யே. அளவு: ஒரு குடம். வந்த மார்க்கம்: தோள்.' முத்திரையும் விழுந்தது.

ஜெயஸ்ரீ சான்றிதழை மும்முறை வாசித்தார். "கடல் வர்ற இடம் கடற்பகுதி. கடற்பகுதியில நிக்கிற வாகனம் கலம். கலத்துக்குப் படகுப் பதிவு இருக்கணுமே, ஐயா?"

கருணாகரனுக்குப் படகுப் பதிவு பழகிய வேலை. ஒரே வாரத்தில் காருக்குப் பதிவெண் வாங்கினார். 'இயந்திரப் படகு, சக்கரம் நான்கு' என்று புத்தகத்தில் ஏறிற்று. காப்பீட்டுப் பணம் வந்தது, புதுப் பேட்டரி வந்தது, கார் பூனைபோல் நடந்தது. கருணாகரன் அன்னைக்குப் பாலபிஷேகம் செய்தார்.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் உறங்கும். வீட்டு ஆண்கள் கையில் நேரம் இருக்கும். அதனால் காசிமேட்டார் கல்யாணங்களை அப்போதே வைப்பர். மலரின் கல்யாணமும் அப்படித்தான் வைக்கப்பட்டிருந்தது.

முகூர்த்த நாள் காலை. பூமாலை சூடிய காரில் மலர் ஏறப்போகும் வேளையில், மீன்வள ஆய்வாளர் ஞானம் மொபெட்டில் வந்து குறுக்கே நின்றார்.

"தடைக்காலத்துல இயந்திரப் படகு நகரக்கூடாது, கருணாகரன். உங்களுக்குத் தெரியாததா?"

"சார், இது காரு! சக்கரத்தைப் பாருங்க!"

"புத்தகத்துல சக்கரமும் இருக்கு, படகும் இருக்கு. சட்டம் படகைத்தான் பார்க்கும்."

"வலைகூட இல்லியே சார்!"

"வலை இருந்தா அது தனிக் கேஸு."

கருணாகரன் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மலர் பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நைனா, பேஜார் பண்ணாத. மீன் டெம்போவைக் கழுவச் சொல்லு. முகூர்த்தம் போய்கினு கீது."

மண்டப வாசலில் டெம்போ பேரிரைச்சலோடு நின்றது. மணமகள் இறங்கினாள், சுற்றிலும் மீன்வாடை இறங்கிற்று. வாக்குத் தவறிய கருணாகரன் தலைகுனிந்து நிற்க, சம்பந்தி அவரைத் தூணோரம் இழுத்துச் சென்றார்.

"காரு படகாயிடுச்சாமே?"

"மன்னிச்சிக்குங்க, சம்பந்தி."

"அது கெடக்கட்டும். தடைக்காலத்துல படகுக்காரனுக்கு நிவாரணம் தருவாங்களே, அது இந்தக் காருக்கும் வருமா?"

கருணாகரன் நிமிர்ந்தார். சட்டப்படி வரவேண்டும் என்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது. தாலி ஏறுமுன் செய்தி பந்தி முழுதும் பரவியது. பாயசத்துக்குக்கூடப் பலர் காத்திருக்கவில்லை.

மறுநாள் படகுப் பதிவு அலுவலகத்தின் முன் ஸ்கூட்டர், ஆட்டோ, ஐஸ் வண்டி, இரண்டு தள்ளுவண்டி என்று வரிசை மீன் இறக்கும் துறையான வார்ப்பு வரை நீண்டது. எல்லோருக்கும் முன்னால், விடியுமுன்னே வந்து இடம்பிடித்து நின்றது ஆய்வாளர் ஞானத்தின் மொபெட்.

இதனைக் கேட்டோர் இல்லத்தில் பேட்டரி வாடாதிருப்பதாக. அவர்தம் விண்ணப்பங்கள் தடையின்றி நகர்வதாக. எத்திசையில் நகர்கின்றன என்பதையும் அன்னை அவர்க்கு முன்கூட்டியே காட்டியருள்வாளாக.